317-ஆம் விளக்குக்குப் பின்னால்

ஸரேச்சென்ஸ்க், தூலா
12 மே 2009

அன்புத் தம்பி கேஷா,

உன் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. இடது முட்டி மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? மூர்மன்ஸ்கில் பத்து வருடம் இருந்தவனுக்குக் குளிரைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டாம்தான். ஆனாலும் ஸ்பிட்ஸ்பெர்கன் குளிர் வேறு ஜாதி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் காட்டுப்பழ ஜாம் ஒரு புட்டியும் அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் நக்கித் தீர்த்துவிடாதே.

ஒரு காரியம் கேட்கப் போகிறேன். சிரிக்கக் கூடாது.

வெற்றி நாள் விடுமுறையில் சந்தைக்குப் போனபோது தோஸ்யாவைப் பார்த்தேன். கோலுபினோ சுரங்கத்தில் எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்தவள். பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறோம். முட்டைக்கோஸ் கடைக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுதோம், கடைக்காரி பயந்துவிட்டாள். சுரங்கம் மூடிய நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. "கடைசி ஷிப்டா? கடைசி ஷிப்டு எங்கடி நடந்துச்சு ராயா!" என்றாள். "அன்னிக்கு மத்தியானம் எறங்க நின்னவங்க எல்லாரையும் அப்படியே திருப்பி எங்கிட்ட அனுப்பிட்டாங்க. நானூறு பேருக்குக் கறிக்கொழுக்கட்டை வேக வெச்சேன். கை வெந்துபோச்சு!"

வாங்கின முட்டைக்கோஸைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன், கேஷா.

நான் ஆறு வருடம் விளக்கறையில் இருந்தவள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் எண் வில்லையை என்னிடம் கொடுப்பான், நான் அவன் விளக்கைக் கொடுப்பேன். மேலே வந்து விளக்கைத் தந்தால் வில்லையைத் திருப்பித் தருவேன். 317-ஆம் எண் நஸார். லுகான்ஸ்க் பக்கத்து ஆள். ஒரு வாக்கியம் பேச மற்றவர்கள் மூன்று பேசும் நேரம் எடுத்துக்கொள்வான். இந்தப் பெயரை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஊர் மூடப் போகிறது என்று தெரிந்ததும் என்னிடம் வந்து, "எங்கூட வந்துடு ராயா. வீடு இருக்கு, தேனீ இருக்கு, நான் இருக்கேன்" என்றான். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

விளக்கறைப் பெண்கள் யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால், பிறந்தநாள் கேக் துண்டோ, பொத்தான் தைத்த சட்டையோ, அவன் விளக்குக்குப் பின்னால் வைத்துவிடுவது வழக்கம். சுரங்கத்துக்காரன் தொப்பியை மறப்பான், விளக்கை மறக்க முடியாது. கடைசி நாள் காலை வேலை முடிந்ததும் நானும் அப்படித்தான் என் பதிலை வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் பயணப் பட்டியலை மாற்றி, சமையல்காரிகள் தவிர மற்றப் பெண்களை எல்லாம் முதல் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மதிய ஷிப்டில் அவன் விளக்கை எடுத்திருப்பான், படித்திருப்பான் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். படித்துவிட்டு ஒரு வரி எழுதவில்லையே என்று கோபம்கூட இருந்தது.

இப்போது தோஸ்யா ஷிப்டே இல்லை என்கிறாள். அப்படியானால் அவன் அந்த விளக்கைத் தொட்டானா, இல்லையா?

நீ அந்தத் தீவில்தானே இருக்கிறாய். கோலுபினோவுக்குப் படகில் மூன்று மணி நேரம். ஒரு நடை போய்ப் பார். கடிதம் இருந்தால் அவன் படிக்கவில்லை. இல்லாவிட்டால் படித்துவிட்டான். எனக்கு இது தெரிய வேண்டும். என்ன எழுதினேன் என்று மட்டும் கேட்காதே.

உன் அக்கா
ராயா


பேரன்ட்ஸ்பர்க், ஸ்பிட்ஸ்பெர்கன்
3 ஜூன் 2009

என் அக்கா ராயாவுக்கு,

காலுறை வந்தது. ஜாமும் வந்தது, இப்போது இல்லை. அறையில் நான்கு பேர் இருக்கிறோம் என்பதை நீ கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. படகு எஞ்சின்கள்தான் ஒவ்வொன்றாக ஜுரத்தில் படுக்கின்றன, நான் வைத்தியம் பார்க்கிறேன்.

நீ சொன்ன காரியம். அந்த வளைகுடாவில் இன்னும் பனிக்கட்டி இருக்கிறது, அக்கா. படகு போகாது. போன வாரம் தாய்க்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு அந்தப் பக்கம் சுற்றியதாம். அதுவும் இல்லாமல் அங்கே கட்டடங்களை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. கிளறித்தான் ஆக வேண்டுமா? நீ நிம்மதியாக இருக்கிறாய் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டிக்கு மருந்து தடவு.

கேஷா


ஸரேச்சென்ஸ்க்
25 ஜூன் 2009

கேஷா கண்ணா,

முட்டிக்கு மருந்து தடவினேன். உன் வாய்க்கு எதைத் தடவுவது?

கோலுபினோவில் பூட்டாம், பூட்டு! அந்த ஊரில் எந்தக் கதவுக்கும் பூட்டு போட்டதில்லை. தெருவில் கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் யாரும் ஓடி நுழையலாம், அதற்காக. போகும்போதும் திறந்தே வைத்துவிட்டு வந்தோம். வேறு சாக்கு யோசி. ஜூலையில் பனிக்கட்டியும் இருக்காது.

வழி சொல்கிறேன். துறையிலிருந்து நேராக மேலே. சாப்பாட்டுக்கூடத்தைத் தாண்டி, வெந்நீர்க் குழாய்களை மூடிய மரப்பாதை ஓரமாகவே போனால் மஞ்சள் கட்டடம். கீழ்த்தளத்தில் இடது பக்கம், சிறு ஜன்னல் வைத்த அறை. உள்ளே இரும்பு அடுக்குகள். மூன்றாவது வரிசை, கடைசிக்கு முந்தின இடம். கண்ணை மூடிக்கொண்டு நான் போவேன், நீ திறந்துகொண்டு போ.

நிம்மதியைப் பற்றிக் கேட்டாய். கேஷா, நான் அழுது வடிந்துகொண்டு இருக்கவில்லை. வேலைக்குப் போகிறேன், சீட்டு விளையாடுகிறேன், பக்கத்து வீட்டுக்காரியோடு பூனைக்காகச் சண்டை போடுகிறேன். ஆனால் ஒன்று தெரிந்தாக வேண்டும். அவன் படிக்கவில்லை என்றால் நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். உயிரோடு இருந்தால் அவனுக்குப் போகட்டும், இல்லையென்றால் திரும்பி வரட்டும். படித்துவிட்டான் என்றால் விஷயம் அன்றைக்கே முடிந்தது. இரண்டில் ஒன்று.

தலையை மூடிக்கொண்டு போ. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் யாரையாவது கூட்டிப் போ. உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ராயா அக்கா


பேரன்ட்ஸ்பர்க்
20 ஜூலை 2009

அன்பு அக்கா,

நலமாகத் திரும்பி வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ முழுக் கடிதத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாய்.

குஸ்மிச் என்று ஒரு கிழப் படகோட்டி, அவர்தான் துப்பாக்கியோடு வந்தார். வழி முழுக்கத் தன் மூன்று மாமியார்களைப் பற்றியே பேசினார். அவர் துப்பாக்கி எடுத்து வந்தது கரடிக்கா, அவர்களுக்கா என்று எனக்குச் சந்தேகம்.

உன் ஊர் நிற்கிறது, அக்கா. நான் இடிந்து கிடக்கும் என்று நினைத்தேன். எதிரே பனிமலை நீலமாக, கீழே ஊர் யாரோ காலையில்தான் கிளம்பிப் போன மாதிரி. ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் கடற்புறாக்கள் கூடு கட்டிவிட்டன. ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் எத்தனை ஜன்னலோ அத்தனை குடும்பம், அத்தனை சண்டை, அத்தனை எச்சம். பந்து மைதானத்தில் கலைமான் ஒன்று படுத்துக்கொண்டே மேய்கிறது. கப்பலில் மண் கொண்டுவந்து போட்டு நீங்கள் புல் வளர்த்தீர்களாமே, அந்தப் புல்தான். நாங்கள் போனதற்கு எழுந்து நிற்கக்கூட இல்லை அது.

"யாருடா நீங்க, எங்க ஊருக்கு எதுக்கு வந்தீங்கன்னு கேக்குது பாரு" என்றார் குஸ்மிச்.

சாப்பாட்டுக்கூடத்துக்குள் போனேன். சுவரில் வண்ண ஓட்டுச் சில்லுகள் பதித்த அந்தப் பெரிய சித்திரம் ஒரு சில்லுகூட விழாமல் இருக்கிறது. மேசைகள் மேல் நாற்காலிகள் தலைகீழாக. சமையலறைச் சுவரில் ஏதோ ஒரு நாளின் உணவுப் பட்டியல்: முட்டைக்கோஸ் சூப், கஞ்சி, பழச்சாறு. உன் தோஸ்யாவின் கையெழுத்தாக இருக்க வேண்டும், கோழி கிளறின மாதிரி. குழந்தைகள் பள்ளியில் சின்னச் சின்னக் கட்டில்கள் வரிசையாக. நூலகத்தில் அட்டைகள் அகர வரிசையில் அப்படியே இருக்கின்றன. நீச்சல்குளம் ஒன்று இருந்ததாக நீ சொன்னபோதெல்லாம் அளக்கிறாய் என்றே நினைத்தேன். மன்னித்துக்கொள், இருக்கிறது. உள்ளே பச்சை ஓடு, ஒரு ஒற்றைச் செருப்பு.

விளக்கறையில் தண்ணீர் இறங்கி அடுக்குகள் எல்லாம் சாய்ந்துவிட்டன. ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது நல்ல வெயில். குஸ்மிச் மீன் சுட்டுத் தந்தார். சாப்பிட முடியவில்லை, படகு ஆட்டத்தில் வயிறு சரியில்லை.

கேஷா


ஸரேச்சென்ஸ்க்
8 ஆகஸ்ட் 2009

என் ராஜா,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பட்டியலில் முட்டைக்கோஸ் சூப் என்று இருந்த இடத்தில் சிரித்தேன். எப்போதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதுதான்.

கிடைக்கவில்லை என்றால் போகட்டும். தண்ணீர் வந்திருந்தால் தாள் கரைந்திருக்கும், இல்லையென்றால் அவன் எடுத்திருப்பான். எடுத்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். விளக்கறைக்கு வராமல் எங்கே போவான்? படித்தான், வருத்தப்பட்டான், போனான். இனி அவனுக்கு எழுத மாட்டேன். அவன் புகைப்படம் ஒன்று தையல் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுத்து அலமாரிக்கு அடியில் போட்டுவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை.

எனக்காக ஐஸ் தண்ணீரில் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டாயே. உலகத்தில் இந்தப் பைத்தியக்கார வேலையை நான் வேறு யாரிடம் கேட்பேன்? வேறு யார் முணுமுணுத்துக்கொண்டாவது போய் வருவார்கள்? நீ ஒருவன் இருக்கிறாய். எனக்கு அது போதும்.

கஞ்சி குடி. எண்ணெய் சேர்க்காதே.

அக்கா


பேரன்ட்ஸ்பர்க்
30 ஆகஸ்ட் 2009

அக்கா,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது பார். உன் கையெழுத்து. நஸாருக்கு என்று எழுதியிருக்கிறாய். பிரிக்கப்படவில்லை.

விளக்கறையில் தண்ணீர் இறங்கவில்லை. எல்லாம் காய்ந்து, சுத்தமாக, வரிசையாக இருந்தது. விளக்குகள் அடுக்கில், எண்கள் அதனதன் இடத்தில். மூன்றாவது வரிசை, கடைசிக்கு முந்தின இடம். விளக்கை நகர்த்தினேன். நீ வைத்த மாதிரியே நின்றுகொண்டிருந்தது. குஸ்மிச் எட்டிப் பார்த்து, "அட, இதுக்குத்தான் வந்தியா? எடுத்துக்கடா, சந்தோசமா எடு. ஏன்டா, பொணத்தப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார்.

நான் அங்கே போகும் முன்பே எனக்குத் தெரியும் அக்கா, அது அங்கேதான் இருக்கும் என்று. உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும். நஸார் என்ற பெயரை நீ என்னிடம் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தப் பெயர் பதினோரு வருடமாகத் தெரியும்.

1998 ஜூன் மாதம். நான் பட்டாளத்திலிருந்து வந்து மூன்று வாரம். நீ துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அம்மா படுக்கையில். தபால்காரி ஒரு கடிதம் கொடுத்தாள், உன் பெயருக்கு. பிரித்துப் படித்தேன். அவர் உன் பதில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். மறுபடியும் உன்னைக் கூப்பிட்டிருந்தார். நான் அதை அடுப்பில் போட்டேன். அம்மா உள்ளேயிருந்து, "என்னடா கருகுது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, பால்" என்றேன்.

நீ போய்விடுவாய் என்று பயம். வேறு காரணம் இருந்தது என்று சொல்லிப் பார்க்கிறேன், வரவில்லை.

நவம்பரில் அம்மா போனாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நீ எனக்குச் சூப் ஊற்றும்போதெல்லாம் நினைத்தேன். முடியாமல்தான் மூர்மன்ஸ்குக்கு ஓடினேன். சம்பளம் அதிகம் என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஜூலையிலும் பொய் எழுதினேன். அந்தப் பொய்யையும் தாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் நீ என் வயிற்றுக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லி எழுதிவிட்டாய்.

உன் வாழ்க்கையை நான் எரித்துவிட்டேன், அக்கா. நீ அவருக்குச் சம்மதம் எழுதி வைத்திருந்தாய், அதை அவர் பார்க்கவே இல்லை, அவர் கேட்டதை நீ பார்க்கவே இல்லை. நடுவில் நான்.

கேஷா


பேரன்ட்ஸ்பர்க்
18 அக்டோபர் 2009

அக்கா,

ஏழு வாரம் ஆகிவிட்டது. ஹெலிகாப்டர் வரும்போதெல்லாம் தபால் பையை முதலில் தொடுகிறவன் நான்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "பொண்ணாடா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

முட்டி எப்படி இருக்கிறது? திட்டியாவது எழுது.

கேஷா


ஸரேச்சென்ஸ்க்
15 நவம்பர் 2009

கேஷா,

உயிரோடு இருக்கிறேன். முட்டியும் இருக்கிறது.

எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிக்க அல்ல. ஒவ்வொரு முறை பேனாவை எடுத்தபோதும் கையில் வந்த வார்த்தைகள் எழுதக் கூடியவையாக இல்லை. அடுத்த வீட்டுக்காரியோடு பூனைக்காகப் போட்ட சண்டையில் உனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டேன். பாவம், அவள் இப்போது எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். நீ பதினோரு வருடமாக உன்னைத் தின்றுகொண்டிருக்கிறாயே, ஒரு பகுதியை வீணாகத் தின்றிருக்கிறாய். அந்த உறைக்குள் சம்மதம் இல்லை. நான் எழுதியது இதுதான்: "நஸார், என்னால் வர முடியாது. பிப்ரவரியில் அம்மா படுத்துவிட்டாள், உனக்கே தெரியும். தம்பி சின்னவன், பட்டாளத்திலிருந்து பசியோடு வருவான். நீ காத்திருக்காதே." கீழே பெயர். அவ்வளவுதான். இப்போது பிரித்துப் பார்த்துவிட்டு நானே அடுப்பில் போட்டுவிட்டேன். நம் வீட்டு வழக்கம் அதுதானே.

உனக்கு மூச்சு வந்திருக்கும். அவசரப்படாதே.

அது அவன் முதலில் கேட்டதற்கு நான் சொன்ன பதில். இரண்டாம் முறை அவன் கேட்டதை நான் பார்க்கவில்லை. நவம்பரில் அம்மா போய், ஜனவரியில் நீயும் போய், நான் இந்த வீட்டில் தனியாக ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேனே, அந்த வருடம் அந்தக் கடிதம் என் கையில் இருந்திருக்க வேண்டும். என்னை வீட்டில் பிடித்து வைக்க அதை எரித்தவன், ஆறே மாதத்தில் நீயே கிளம்பிப் போய்விட்டாய். இதுதான் எனக்கு ஆறவில்லை. எரித்தது கூட இல்லை. எரித்துவிட்டு, கூடவும் இல்லாமல் போனது.

நீ அதைப் படித்தாய் என்று எழுதியிருக்கிறாய். பட்டாளத்துப் பாட்டுக்களை எல்லாம் ஒரு தரம் கேட்டு ஒப்பிப்பாயே, உனக்கு மறந்திருக்காது. உட்கார்ந்து எழுது. நினைவில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும். அழகாக ஒன்றையும் சேர்க்காதே. எனக்கு வலிக்கும் என்று ஒன்றையும் விடாதே. அது என் கடிதம், எனக்குக் கொடு.

ராயா


பேரன்ட்ஸ்பர்க்
9 டிசம்பர் 2009

அக்கா,

எல்லாம் நினைவிருக்கிறது. சதுரக் கட்டம் போட்ட பள்ளித் தாள், நீல மை. இதோ:

"ராயா, நலமா? நான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று மதியம் சுரங்கத்தில் இறங்கும் கூண்டுக்கு முன்னால் நின்றோம். ஷிப்டு இல்லை, போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விளக்கறைப் பக்கம்கூட விடவில்லை. உன்னைத் தேடினேன். பெண்கள் கப்பல் போய்விட்டது என்றார்கள். பதில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தாய். நேரம் கிடைத்திருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால் மறுபடி கேட்கிறேன். எனக்கு நன்றாகக் கேட்கத் தெரியாது, உனக்கே தெரியும். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. தெற்குப் பக்க அறையில் நாள் முழுக்க வெயில் வரும். அவருக்காக அதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். படி இல்லை, நாற்காலியோடு வெளியே கொண்டுவரலாம். உன் தம்பி பட்டாளம் முடித்துவிட்டான் அல்லவா, வளர்ந்த ஆண்பிள்ளை, இனி அவன் தன் வழியைப் பார்த்துக்கொள்வான். நீ சம்மதம் என்று எழுதினால் நானே வந்து இருவரையும் கூட்டிப் போகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நஸார். வெர்பிவ்கா, கிணற்றுத் தெரு."

அவ்வளவுதான். தம்பியைப் பற்றிய அந்த வரியில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. அம்மாவுக்கு அறை இருக்கிறது, உனக்கு வீடு இருக்கிறது, எனக்கு வழி இருக்கிறது. இருபது வயதில் அதை நியாயம் என்று நினைத்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நல்ல மனுஷன் எழுதிய நல்ல கடிதம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இங்கே சூரியன் போய் ஆறு வாரம். உனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

கேஷா


ஸரேச்சென்ஸ்க்
4 ஜனவரி 2010

கேஷா,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நான் தோஸ்யாவோடு கொண்டாடினேன். கொழுக்கட்டை செய்தாள், நானூறு பேருக்குச் செய்த பழக்கத்தில் இரண்டு பேருக்கு ஒரு வாளி.

வெயில் வரும் அறை என்ற இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுத்த நாள்தான் மீதியைப் படித்தேன்.

பிப்ரவரியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது அல்லவா? இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறது. பிரிக்காதே என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை. தபாலில் போட எனக்கு விருப்பமில்லை. அந்த வழியில் ஒரு முறை போட்டது வந்து சேரவில்லை. நீ வெர்பிவ்கா போ. இருந்தால் அவன் கையில் கொடு. எரித்தது நீ என்பதையும் உன் வாயாலேயே சொல். இல்லையென்றால் கல்லறையைக் கேட்டுப் போய் அங்கே வை.

குளிருக்கு நல்ல கோட்டு போட்டுக்கொள். ரயிலில் சன்னலோரம் உட்காராதே.

ராயா


வெர்பிவ்கா
14 மார்ச் 2010

அக்கா,

நான் நலம். அடி எதுவும் விழவில்லை. அவரும் நலம், கொஞ்சம் இருமல் மட்டும், நிலக்கரி இருமல்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பெயர் ஹன்னா. ஆமாம் அக்கா, மனைவி இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடம். இதை எப்படி எழுதுவது என்று ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் யோசித்தேன், வேறு வழி தெரியவில்லை.

"யாருங்க? திருடிட்டு வந்த ஆளு மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள்.

திருடன்தான் என்று நாக்கு வரை வந்தது. பின்பக்கம் தேனீப் பெட்டிகளை வெயிலில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராயாவோட தம்பியா? மூக்கு அதேதான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். 

"எத்தன வயசு ஒனக்கு அப்ப?"

"இருபது."

"இருபதுல நானும் மடையன்தான். ஆனா ஒன்ன மாதிரி இல்ல" என்றார். 

உன் உறையைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை அக்கா, சத்தியமாக. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். ஒரே ஒரு தாள், பாதிகூட எழுதியிருக்க மாட்டாய் என்று பின்பக்கமிருந்தே தெரிந்தது. அதை அவர் ஒரு புத்தகம் மாதிரி படித்தார். பிறகு பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் ஹன்னாவும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாரு. ஒருத்திகிட்ட ரெண்டு தடவ கேட்டேன், பதிலே வரல, நான் என்ன தப்பாக் கேட்டேன்னு தெரியலன்னாரு. வேணாம்னு சொல்லியிருந்தா மனுசன் என்னிக்கோ மறந்திருப்பாரு. இத்தன வருசமா வாய்க்குள்ளயே அந்தக் கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாக்குறாரு. நான் கொழம்புல உப்புப் போட்டியான்னு கேட்டாக்கூட, ஒழுங்காத்தானே கேட்டேன்னு ரெண்டாவது தடவ கேக்குற ஆளு."

அவர் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. ஹன்னா பயந்துகொண்டேதான் கேட்டாள், "என்னங்க எழுதியிருக்கு?"

"பதில் வந்துருச்சு" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவள் எழுந்து அவர் தோளில் கை வைத்தாள். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் இரண்டு முறை சூப் வாங்கிக்கொண்டார். ஒரு பெரிய புட்டி தேன் கொடுத்திருக்கிறார், உனக்கு. தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. கேட்க உரிமை இல்லை. மூர்மன்ஸ்கில் ஒரு கப்பலில் ஆள் எடுக்கிறார்கள். இங்கிருந்தே அங்கே போகிறேன். உன் முன்னால் வந்து நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதற்கு முன் இரண்டு வாரம் வெர்பிவ்காவிலேயே தங்கி வேலை தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பேன், நீ ஏதாவது எழுதினால் இங்கே தபால் நிலையத்துக்கு வரும் என்று. எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கேஷா


ஸரேச்சென்ஸ்க்
22 மார்ச் 2010

கேஷா,

உன் கடிதம் வந்த அன்று ஒரு சாயங்காலம் முழுக்க அழுதேன். முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். ஹன்னா நல்லவளாக இருக்கிறாள். அவளுக்கு என் பெயரில் ஒரு சால்வை பின்ன ஆரம்பித்திருக்கிறேன். கோபமாக ஆரம்பித்தேன், பாதி வரை வந்தபோது கோபம் இல்லை.

அவனுக்கு நான் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். இரண்டே வரிதான். "நஸார், உன் இரண்டாவது கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அப்போது கிடைத்திருந்தால் வந்திருப்பேன்." வா என்றோ, வரட்டுமா என்றோ ஒரு சொல் இல்லை. அவன் சரியாகத்தான் கேட்டான், அது அவனுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது உன் விஷயம். ஆகஸ்டில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டாய். நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. பதில் வராமல் இருப்பது ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று ஹன்னா உனக்குச் சொன்னதை நானும் படித்தேன். என் கையால் அதை இன்னொருவனுக்குச் செய்ய மாட்டேன், அதுவும் உனக்கு.

மன்னித்துவிட்டேன். முழுக்க இல்லை, முக்கால்வாசி. மீதியைத் தபாலில் அனுப்ப முடியாது. தேனையும் தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும். மூர்மன்ஸ்க் கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போகட்டும். தூலா ரயிலில் ஏறி, அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. சூப் வைத்திருப்பேன்.

அக்கா